ஃப்ளோரன்ஸ் அம்மாள் கைவேலை

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் பவுல்சாமி ஸ்வெட்டரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அதில் இரண்டு ஊசிகள் செருகியிருந்தது உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. எழுந்திருக்க வழியில்லை. பக்கத்து வீட்டுக் கங்காதரன் அதற்குள் உள்ளே வந்து, எதிர் நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்.

"என்ன கம்பவுண்டர் சார், மூஞ்சியெல்லாம் இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"வெயில்."

"காலைக் காப்பியே இன்னும் இறங்கலை, அதுக்குள்ள வெயிலா?"

"சாந்தோம் வெயில் சார். கடல்ல பட்டுத் திரும்பி வருது. மத்த இடத்து வெயில் மாதிரி இல்லை."

பவுல்சாமி எதைச் சொன்னாலும் அடித்துச் சொல்வார். மயிலாப்பூர் லஸ்ஸில் ஒரு டாக்டரின் மருந்துக்கடையில் கம்பவுண்டரான அவருக்கு அது தொழிலோடு வந்த பழக்கம். 'இந்த மருந்து கேட்குமா சார்?' என்று நோயாளி கேட்கும்போது கம்பவுண்டர் யோசிக்க ஆரம்பித்தால், மருந்து எப்படிக் கேட்கும்?

கங்காதரன் கோட்டையில் குமாஸ்தா. கோடை வந்தால் கவர்னரும் மந்திரிகளும் ஊட்டிக்குப் போய்விடுவார்கள். கூடவே ஆபீசில் பாதியும் மலை ஏறும். அந்த 1933-ஆம் வருஷம் கங்காதரனுக்கும் அந்த அதிர்ஷ்டம் அடித்திருந்தது.

"அங்கே குளிர்ல பல்லு தந்தியடிக்குமாம் சார். உங்க சம்சாரம் பின்ற ஸ்வெட்டரை நம்பித்தான் கிளம்புறேன். எந்த அளவுல இருக்கு? ஒரு பார்வை பார்த்துட்டுப் போகலாமா?"

பவுல்சாமி பார்வையைக் கூரைக்கு உயர்த்தினார். சமையலறையிலிருந்து ஃப்ளோரன்ஸ் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"முடியறதுக்குள்ள காட்டினா கண்ணு பட்டுடும்ணே. வேலை நல்லா சூடாத்தான் போய்க்கிட்டிருக்கு" என்றாள், கணவனை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"உங்க கை பட்டா சரியாத்தான் இருக்கும்மா. உங்க கையில சரஸ்வதியே உட்கார்ந்திருக்கா!"

"யார் எங்கே உட்கார்ந்திருக்காங்கன்னு சொல்ல முடியுங்களா?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

கங்காதரன் போனதும் பவுல்சாமி எழுந்தார். எழுந்தபோது ஸ்வெட்டரும் கூடவே எழுந்தது.

*

உண்மை இதுதான். அந்த வீட்டில் பின்னியது பவுல்சாமி.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டையின்போது அவர் பஸ்ராவில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்துகொண்டிருந்தார். காலில் குண்டு பட்டுப் படுத்திருந்த சிப்பாய்களுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு வெள்ளைக்கார நர்ஸ் கம்பளி நூலும் ஊசியும் கொடுத்துப் பின்னக் கற்றுக்கொடுத்தாள். சிப்பாய்களுக்குக் கால் ஆறியதும் பின்னல் மறந்துபோயிற்று. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பவுல்சாமிக்கு மட்டும் அது பிடித்துக்கொண்டது.

ஊர் திரும்பி, புதுச்சேரியிலிருந்து ஃப்ளோரன்ஸைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், கதவைச் சாத்திவிட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து ஊசிகளை எடுத்துக் காட்டினார். அவள் அவற்றை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தாள்.

"இதை வச்சு என்னங்க பண்ணுவாங்க?"

பவுல்சாமி ஒரு வரிசை பின்னிக் காட்டினார். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அடேயப்பா!" என்றாள். கல்யாணம் செய்துகொண்டது சரியான காரியம்தான் என்று பவுல்சாமிக்கு அன்றுதான் பட்டது.

"ஆனா வெளியே மூச்சு விடாதே. பஸ்ரா வரைக்கும் போய்ட்டு வந்தவன்னு ஊர்ல ஒரு மரியாதை இருக்கு. ஊசியும் நூலுமா உட்கார்ந்திருக்கான்னு தெரிஞ்சா கோயில் வாசல்ல நிக்க முடியாது."

"நான் எதுக்குங்க சொல்லப் போறேன்?"

சொல்லவில்லைதான். மூன்றாவது வீட்டு லூயிசா அம்மாளின் பேரன் ஞானஸ்நானத்துக்கு அவர் பின்னிய குல்லாயைக் கொண்டுபோனபோது, "இது யார் பின்னினது?" என்று அந்த அம்மாள் கேட்டாள். ஃப்ளோரன்ஸ் தலையைக் குனிந்து லேசாகச் சிரித்தாள். அவ்வளவுதான். லூயிசா கோயில் மாதர் சங்கத்துத் தலைவி. அவளுக்குத் தெரிந்தால் போதும், மாதா கோயில் மணி அடித்த மாதிரி.

அன்றிலிருந்து ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். ஃப்ளோரன்ஸ் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. "அதுக்கென்ன, பின்னிட்டாப் போச்சு" என்பாள். பின்ன வேண்டியவரும் உள்ளே இருந்தபடி அதற்குத் தலையாட்டுவார்.

பவுல்சாமிக்கு இன்னொரு குணமும் இருந்தது. கையில் எடுத்த ஒன்றை முடிக்காமலே அடுத்ததைத் தொடங்கிவிடுவார். ஒரே வேலையைச் செய்தால் விரல் சலித்துப்போகும் என்பது அவர் கட்சி. ஆகவே அந்த மார்ச் மாதத்தில் கங்காதரனின் சாம்பல் நிற ஸ்வெட்டர் அரிசி டின்னிலும், இருமல்காரரான கோயில் சாமியாருக்கான கறுப்பு மப்ளர் தலையணை உறைக்குள்ளும், லூயிசாவின் பேரனுக்கு ரோஸ் நிறக் கோட்டு தொப்பிப் பெட்டியிலும், கோயில் பீடத்துணியின் ஓரத்துக்கு வைக்க வேண்டிய வெள்ளை லேஸ் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னாலும் பாதிப் பாதியாகக் கிடந்தன. யாரும் கேட்காத தேநீர்க் கெண்டிக்கும் ஒரு குல்லாய் தயாராகிக்கொண்டிருந்தது.

"எல்லாம் தவக்காலம் முடியறதுக்குள்ள ஆயிடுமாங்க?" என்று ஃப்ளோரன்ஸ் கேட்டாள்.

"இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார் பவுல்சாமி.

*

வீட்டில் மட்டும் பின்னினால் போதாது என்று மப்ளரைக் கடைக்கு எடுத்துப்போனார். அங்கேதான் முதல் சங்கடம் வந்தது.

மேசைக்குக் கீழே மடியில் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தார். மப்ளரின் வால் நழுவி வெளியே தொங்கியது அவருக்குத் தெரியவில்லை. மீன் விற்கும் கங்கம்மா இருமல் மருந்துக்கு வந்தவள் குனிந்து பார்த்தாள்.

"இன்னா சார் இது, கறுப்பா தொங்கிக்கினு கீது?"

"பேண்டேஜ்" என்றார் பவுல்சாமி, கண்ணிமைக்காமல்.

"கறுப்பு பேண்டேஜா? நான் பார்த்ததே இல்லியே!"

"புதுசு. சீமையிலேருந்து வந்திருக்கு. மூட்டு வீக்கத்துக்கு."

"அடி ஆத்தா! எங்கூட்டுக்காரருக்குப் படகு இடிச்சு முட்டி வீங்கிக் கீது சார். ராவெல்லாம் முனகிக்கினு கெடக்குறாரு. அதுல ஒரு முழம் கிழிச்சுக் குடு சார். உனக்குப் புண்ணியமாப் போவும்."

"இது வந்து... டாக்டர் சொல்லாம..."

"டாக்டராண்ட நானே கேட்டுக்கறேன்" என்று கங்கம்மா உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

பவுல்சாமி கத்திரிக்கோலை எடுத்தார். அது அவர் நெஞ்சையே வெட்டுகிற மாதிரி இருந்தது.

மறுநாளே கங்கம்மாவின் புருஷன் முட்டியில் கறுப்புக் கம்பளியோடு குப்பத்தில் நிமிர்ந்து நடந்தான். வீக்கம் நிஜமாகவே வடிந்துவிட்டது. அதற்கடுத்த நாள் கடை வாசலில் ஐந்தாறு முட்டிகள் வந்து நின்றன. "அந்தக் கறுப்பு பேண்டேஜ் குடு சார்!" என்ற கூச்சலைக் கேட்டு டாக்டர் வெளியே வந்து, "பவுல்சாமி, என்ன கறுப்பு பேண்டேஜ்?" என்று கேட்டார். சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்ததோடு கடையில் பின்னுவது முடிந்தது.

இப்போது மப்ளர் சாமியாரின் கழுத்தை ஒரு சுற்றுதான் சுற்றும். கறுப்பு நூல் வேறு இல்லை. நூல்காரர் நூர் முஹம்மதுவிடம் டிராமேறிப் போய்க் கேட்டார்.

"கப்பல் வந்தாத்தான் சாயபு கையில நூல்" என்று அவர் இரண்டு கையையும் விரித்தார்.

பவுல்சாமி அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. ஸ்வெட்டருக்கு வைத்திருந்த சாம்பல் நூலை எடுத்து மப்ளரை நீட்டினார். அதனால் ஸ்வெட்டரின் கைக்கு நூல் குறைந்தது. கோட்டுக்கு இருந்த ரோஸ் நூலில் ஸ்வெட்டரின் மணிக்கட்டைப் பின்னினார். அதனால் குழந்தையின் கோட்டுக்கு நூல் பற்றவில்லை. மப்ளரை வெட்டிய இடத்தில் பிசிறாக நின்ற கறுப்பு வரிசைகளைப் பிரித்துக் கோட்டின் கழுத்துக்கு வைத்தார். எல்லாம் முடிந்து பரப்பி வைத்ததும் ஃப்ளோரன்ஸ் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, கங்காதரன் அண்ணன் மணிக்கட்டுல ரோஸ் கலர்..."

"லண்டன்ல இப்ப அதுதான்."

"அந்த இடது கை, வலது கையைவிட ரெண்டு விரக்கடை நீளமாத் தெரியுதே?"

"உனக்கு என்ன தெரியும்? கம்பளின்னா அப்படித்தான். போட்டா சரியாயிடும்."

"அப்படியாங்க" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போனாள்.

*

இதற்கு நடுவில்தான் லூயிசா அம்மாள் அந்தச் செய்தியோடு வந்தாள்.

"ஃப்ளோரன்ஸ், அனாதைப் பிள்ளைகளுக்காகச் சங்கத்துல கைவேலைக் கண்காட்சி வைக்கிறோம். மேடையில போட்டி. எல்லார் முன்னாடியும் உட்கார்ந்து பின்னணும். மொதல் பேரா உன் பேரைத்தான் போட்டிருக்கேன்."

உள்ளறையில் பவுல்சாமியின் ஊசியிலிருந்து இரண்டு பின்னல் கண்ணிகள் நழுவின.

"அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்றது ஃப்ளோரன்ஸின் குரல்.

லூயிசா வாசற்படி தாண்டியதும் பவுல்சாமி வெளியே பாய்ந்தார்.

"உனக்கென்ன பைத்தியமா? மேடையில உட்கார்ந்து என்ன பண்ணப்போறே?"

"மாட்டேன்னு சொன்னா சந்தேகம் வராதுங்களா? அப்புறம் யார் பின்றதுன்னு தேடுவாங்க. உங்க பேருதான் கெடும்."

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. பவுல்சாமி கொஞ்சம் நடந்தார், பிறகு நின்றார். "இதுல என்ன இருக்கு? உனக்கு நான் கத்துத் தர்றேன். பஸ்ராவில ஒரு கூர்க்காவே கத்துக்கிட்டான்."

கற்றுக்கொடுத்தார். முதல் நாள் அவள் ஊசியைக் கொண்டையில் செருகிவிட்டு வீடெல்லாம் ஊசியைத் தேடினாள். இரண்டாம் நாள் நூல் அவள் கட்டைவிரலையும் நாற்காலிக் கையையும் சேர்த்துக் கட்டிப்போட்டது. மூன்றாம் நாள், "வந்துடுச்சுங்க!" என்று சந்தோஷமாக ஓடிவந்து ஒன்றைக் காட்டினாள். கோழிமுட்டை அளவில் கல் மாதிரி இருந்தது. எத்தனையோ பட்டாளத்தான்களின் காயக்கட்டுகளை அவிழ்த்த பவுல்சாமியால் அந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்பதே தெரியவில்லை.

"ஃப்ளோரன்ஸ்," என்றார் கனிவாக, "மனசை விட்டுடாதே. சிலருக்குக் கை அமையாது. அது கர்த்தர் கொடுக்கிறது."

"எல்லாருக்கும் உங்க கை வருமாங்க?" என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

அந்தப் பெருமூச்சில் பவுல்சாமி உருகிப்போனார். இந்தப் பேதையை நாலு பேர் முன்னால் தலைகுனிய விடக்கூடாது. அன்றைக்கே ஒரு வழியும் கண்டுபிடித்தார்.

"உனக்குக் கை சுளுக்கு."

"எப்பங்க?"

"இப்பத்தான்" என்று சொல்லிவிட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பட்டாளத்து முறைப்படி ஒரு கட்டுப் போட்டார். பார்க்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும்படியான கட்டு.

லூயிசாவுக்கு வரவே செய்தது. மறுநாள் சாயங்காலம் ஓடிவந்தாள்.

"ஐயோ ஃப்ளோரன்ஸ், வலது கையா! போட்டிக்கு என்ன பண்றது? கெடக்கட்டும் விடு, உடம்புதான் முக்கியம்." அவள் கண் மேசைமேல் விழுந்தது. பவுல்சாமி எடுத்து மறைக்க மறந்த ரோஸ் நிறக் கோட்டு அங்கே இருந்தது. "இது எம் பேரனுக்குத்தானே? நேத்து எட்டிப் பார்த்தப்போ ஒரு கைதானே இருந்துச்சு! இப்ப ரெண்டு கையும் முடிஞ்சு கழுத்தும் வச்சிருக்கு. சுளுக்கோட எப்படிம்மா பின்னினே?"

ஃப்ளோரன்ஸ் கணவனைப் பார்த்தாள். அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"இடது கையாலதான்."

"இடது கையாலயா? ஒத்தைக் கையாலயா?"

"அவளுக்கு அது பழக்கம். வலது கை சும்மா ஒத்தாசைக்குத்தான்."

லூயிசா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு வெளியேறினாள். ஃப்ளோரன்ஸ் வெகுநேரம் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டே நாளில் மயிலாப்பூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாந்தோமில் ஒரு அம்மாள் ஒற்றைக் கையால் பின்னுகிறாளாம். மாம்பலத்திலிருந்தும் அடையாற்றிலிருந்தும் பார்க்க வரப்போகிறார்களாம். போட்டியை நிறுத்துவதாவது! அது இப்போது போட்டியே இல்லை, திருவிழா ஆகிவிட்டது. லூயிசா மூச்சு வாங்க மறுபடி வந்தாள்.

"நடுவரா யார் வர்றாங்க தெரியுமா? புதுச்சேரி கன்னியர் மடத்துலேருந்து ஒரு பெரிய சிஸ்டர். பின்னல்ல அவங்களை மிஞ்ச ஆளில்லையாம். ஒத்தைக் கைப் பின்னல்னு கேள்விப்பட்டதும், வயசான காலத்துலயும் நானே வந்து பார்க்கிறேன்னுட்டாங்க!"

முதல் தடவையாக ஃப்ளோரன்ஸின் முகம் வெளுத்தது.

"ஏங்க," என்றாள், லூயிசா போனதும். "இடது கைக்கும் ஒரு கட்டுப் போட்டுடுங்களேன்."

"ரெண்டு கையிலயும் கட்டோட கோயிலுக்கு வந்தா, நான் அடிச்சுட்டேன்னு பேசுவாங்க."

"அப்ப நாம ஊருக்கு எங்கேயாவது போயிடலாம். இந்தப் போட்டிக்கு நான் வரலீங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

அவள் அப்படிக் கெஞ்சி அவர் கேட்டதே இல்லை. பவுல்சாமி அவள் தோளில் கை வைத்தார்.

"நானிருக்கும்போது நீ ஏன் பயப்படறே? எனக்கு ஒரு யோசனை வந்திருக்கு."

"இன்னொண்ணா?" என்றாள் ஃப்ளோரன்ஸ் ஈனக்குரலில்.

*

யோசனை இதுதான். மேடையில் ஃப்ளோரன்ஸுக்கு முன்னால் ஒரு மேசை. கைவலிக்கு முட்டுக் கொடுக்க என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம். மேசையைச் சுற்றித் தரை தொடும்படி ஒரு துணி. துணிக்கு உள்ளே பவுல்சாமி. அவர் பின்னப் பின்ன, அவள் இடது கையைக் கீழே விட்டு ஆட்டியபடி, வளருகிற பின்னலை மெல்ல மேலே இழுத்துவிட வேண்டும்.

போட்டியன்று, மேசையைச் சரி பார்ப்பதாகச் சொல்லி எல்லோருக்கும் முன்னால் போய் உள்ளே நுழைந்துகொண்டார். கோயில் மண்டபம் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் கங்காதரன் சாம்பல் ஸ்வெட்டரும் ரோஸ் மணிக்கட்டுமாக வேர்வையில் குளித்துக்கொண்டிருந்தார். குளிருக்கு முன்கூட்டியே பழகுகிறாராம். சாமியார் இரண்டு நிற மப்ளரைச் சுற்றிக்கொண்டு இருமினார். கதவோரம் கங்கம்மா கூடையோடு நின்றாள்.

நடுவர் சிஸ்டரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். தடித்த கண்ணாடி. "எனக்குத் தூரப் பார்வை மங்கல். நாற்காலியை இன்னும் கிட்டப் போடுங்க" என்றார். மேடையை ஒட்டியே போட்டார்கள். ஃப்ளோரன்ஸ் முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மணி அடித்ததும் மற்ற பெண்கள் குனிந்து பின்ன ஆரம்பித்தார்கள். யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் நடுமேசையில் இருந்தது. ஃப்ளோரன்ஸின் இடது தோள் குலுங்கியது. மேசையின் விளிம்பில் சிவப்பாக ஒரு பட்டை எட்டிப் பார்த்தது. பிறகு விரலளவு. பிறகு சாண் அளவு.

"இயேசுவே!" என்றாள் லூயிசா.

"ஒத்தைக் கை! ஒத்தைக் கை!" என்று மண்டபம் முணுமுணுத்தது.

மேசைக்குக் கீழே பவுல்சாமிக்கு உற்சாகம் தாங்கவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக அவர் பின்னியதில்லை. புழுக்கத்தில் மூச்சு முட்டியது, கால் மரத்துப்போனது. காலைக் கொஞ்சம் நீட்டினார். அந்தக் கால் நூலுருண்டையில் பட்டது.

உருண்டை துணிக்கு வெளியே வந்தது. மேடையிலிருந்து தொப்பென்று குதித்தது. நாற்காலிகளுக்கு நடுவே நிதானமாக உருண்டுபோய்க் கங்கம்மாவின் காலடியில் நின்றது.

"யம்மா, நூலு ஓடியாந்துடுச்சு!" கங்கம்மா எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றிக்கொண்டே நூல் வந்த வழியில் நடந்தாள். "யாரும் மிதிச்சுராதீங்க, நவுருங்க, நவுருங்க." அவள் சுற்றச் சுற்ற, உள்ளே பவுல்சாமியின் விரலிலிருந்து நூல் இழுபட்டது. அவர் இந்தப் பக்கம் இழுத்தார். கங்கம்மா அந்தப் பக்கம் இழுத்தாள்.

"இன்னாடா இது, வலையில மீனு இழுக்கிற மாரி இழுக்குது!"

ஒரே தாவலில் மேடையேறித் துணியைத் தூக்கினாள்.

"அய்ய! கம்பவுண்டர் சார்! இங்க குந்திக்கினு இன்னா பண்ணிக்கினு கீறே?"

ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஒரு ஊசி விழவும் செய்தது.

பவுல்சாமி நான்கு காலால் ஊர்ந்து வெளியே வந்தார். தலையில் தூசி, தோளில் சிவப்பு நூல், கையில் பாதிப் பின்னல். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னே வந்தது. அவர் ஃப்ளோரன்ஸைப் பார்த்தார். அவள் முக்காட்டுக்குள் முழுக்க ஒளிந்திருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அவருக்குப் பட்டது. அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"சிரிங்க!" என்றார், மண்டபமே அதிரும்படி. "நல்லா சிரிங்க. ஆனா என்னைப் பார்த்துச் சிரிங்க. என் சம்சாரத்தைப் பார்த்து ஒருத்தர் சிரிச்சாலும் சும்மா இருக்க மாட்டேன். அவளுக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. குல்லாய் நான் பின்னினது. கோட்டு நான் பின்னினது. சாமி, உங்க மப்ளர் நான் பின்னினது. கங்காதரன் சார், நீங்க ஊட்டிக்குப் போட்டுக்கிட்டுப் போகப்போற ரோஸ் கலர் நான் பின்னினது. சண்டையில குண்டு விழுந்துக்கிட்டிருக்கும்போது கத்துக்கிட்ட வேலை இது. வெக்கப்பட்டு மறைச்சவன் நான். என் மானத்தைக் காப்பாத்தத்தான் அந்தப் பாவம் இத்தனை நாளா வாயைத் திறக்கலை!"

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு, ஊர் பார்க்க உட்கார்ந்து, கங்கம்மா கையிலிருந்த உருண்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பின்ன ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் ஊசிகளின் டிக் டிக் மட்டும் கேட்டது. சிவப்புப் பட்டை அவர் முழங்காலைத் தாண்டி இறங்கியது. சாமியார் இருமலை அடக்கிக்கொண்டு கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். முதலில் கைதட்டியது கங்காதரன். நீளமான இடது கை தட்டுவதற்கு வசதியாகவே இருந்தது. பிறகு மண்டபமே தட்டியது. "நல்லாத்தான் பின்றாரு, எங்கூட்டுக்காரருக்கு முட்டி சரியாப் போச்சே!" என்று கங்கம்மா பக்கத்திலிருந்தவர்களுக்கு விளக்கினாள். லூயிசாகூட மூக்கைச் சிந்திக்கொண்டு, "புருஷன்னா இப்படி இருக்கணும்" என்றாள்.

முதல் பரிசு பவுல்சாமிக்கு என்று யாரும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. அவரே எழுந்து நின்று வாங்கத் தயாராகிவிட்டார். நடுவர் சிஸ்டர் மெல்ல மேடையேறி, அவர் கையிலிருந்த பின்னலைக் கண்ணாடிக்கு அருகே வைத்துத் தடவிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. கொஞ்சம் இறுக்கம்" என்றார்.

"பட்டாளத்துக் கை, சிஸ்டர்" என்றார் பவுல்சாமி பெருமையோடு. "இவளுக்கும் கத்துத் தரலாம்னு எவ்வளவோ பார்த்தேன். வரலை. பாவம், புத்தி இருக்கு, கைதான் அமையலை."

சிஸ்டர் மேசைக்குப் பின்னால் போனார். ஃப்ளோரன்ஸின் முக்காட்டை ஒற்றை விரலால் தூக்கினார். குனிந்து, நன்றாக உற்றுப் பார்த்தார். அவர் பொக்கை வாய் மலர்ந்தது.

"அடி நீயா!" என்றவர் பவுல்சாமியின் பக்கம் திரும்பினார். "எங்க மடத்துல பின்னல் வகுப்பே இவதானே தம்பி எடுத்துக்கிட்டிருந்தா? 'கல்யாணம் ஒண்ணு ஆகட்டும், அப்புறம் இந்த ஊசியைக் கையால தொடமாட்டேன்'னு எங்கிட்ட சத்தியம் பண்ணிட்டுப் போனா; சொன்னபடியே சாதிச்சுட்டாளே!"